கிரயத்துக்கு முன் செய்ய வேண்டிய ஆராய்ச்சி

உத்தியோகத்தில் இருந்து சிறுகச் சிறுகச் சேமித்தவரும், கடல் கடந்து உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியவரும், பெண்ணின் விவாகத்தை முடித்துவிட்டு எஞ்சிய தொகையை எங்கே வைப்பது என்று யோசிப்பவரும் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஒரு மனையாகவே இருக்கிறது. நகையைத் திருடிக்கொண்டு போகலாம், நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது நம்மவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. நிலம் எங்கும் போகாது என்பது வாஸ்தவமே. ஆனால் அதன்மீது நமக்கிருப்பதாக நாம் எண்ணிய பாத்தியதை, யாரோ எப்போதோ எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட ஒரு தஸ்தாவேஜின் காரணமாக ஒரே நாளில் போய்விடக்கூடும்.

பத்திரப் பதிவு என்பது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் செய்வது, இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை எழுதிக்கொடுத்தார் என்ற செய்கையைப் பதிந்து வைப்பதேயன்றி, எழுதிக்கொடுத்தவருக்கு அதில் உரிமை இருந்தது என்று நிச்சயித்துச் சொல்வதன்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், விற்பவரின் பாத்தியதையைத் தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆகவே, முத்திரை விழுந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நிம்மதி கொள்வதற்கு இடமில்லை. ஆராய்ச்சியின் பாரம் முழுவதும் வாங்குகிறவரையே சார்ந்தது.

அந்த ஆராய்ச்சியை இன்றைய பத்திரத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செய்ய வேண்டும். இப்போது விற்பவருக்கு இது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முந்தியவர் கிரயமாகப் பெற்றாரா, பாகத்தில் பெற்றாரா, தானமாகப் பெற்றாரா என்று படிப்படியாகத் தாய்ப் பத்திரம் வரையில் போகும்போது இடையில் ஒரு கண்ணியும் விட்டுப்போகலாகாது. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையாவது வக்கீல்கள் கேட்பது வழக்கம்; பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதற்கொண்டு அதைப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சான்றில் தெரிவது பதிவான தஸ்தாவேஜுகள் மட்டுமே. பதிவு செய்யாத உயிலும், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையும், கோர்ட்டில் நிலுவையிலிருக்கும் வியாஜ்யமும், பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய கடனும் அதில் தெரியாமலே போகலாம். அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். தொலைந்துபோய்விட்டது என்று சொல்லி நகலைக் காட்டுகிறவரிடம் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும்.

எந்தத் தஸ்தாவேஜையும்விடச் சிரமம் தருவது வாரிசு விவகாரம். தகப்பனார் காலமானதும் பிள்ளைகள் மூவரும் கையெழுத்திட்டு விற்றுவிடுகிறார்கள். வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரியை ஒருவரும் நினைப்பதில்லை. ஹிந்துக் குடும்பங்களில், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜிதத்தில் மகளுக்கும் சம பாகம் உண்டு என்பது 1956 முதலே சட்டம். பிதுரார்ஜிதச் சொத்தில், அப்போது விவாகமாகாதிருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே பங்கு அளித்தது. 2005-இல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த மத்திய சட்டம் அமலுக்கு வந்த தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அவளுடைய பங்கு அவளுடையதே. அவளை விலக்கிவிட்டு எழுதிய பத்திரத்தை நம்பிப் பணம் கொடுப்பது சட்டப்படி அபாயம் மட்டுமல்ல, அநீதிக்குத் துணைபோவதும் ஆகும். மைனர் விஷயமும் இத்தகையதே. மைனரின் சொந்தச் சொத்தைக் கோர்ட்டு அனுமதியின்றித் தாயாரோ தகப்பனாரோ விற்றிருந்தால், அந்தக் குழந்தை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆகையால் வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களையும் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பதில் சிரத்தை வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரத்தின் பலத்தில் ஒருவர் விற்க வந்தால், எழுதிக்கொடுத்தவர் ஜீவித்திருக்கிறாரா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அவர் காலமானால் அந்த அதிகாரமும் சாதாரணமாக அதோடு முடிந்துபோகும். பவர் பத்திரத்தையே கிரயம்போலக் கைமாற்றிக்கொள்வதால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஸ்பஷ்டமாகக் கூறிவிட்டது.

பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகாது. எனினும் அதைப் பார்க்காமலிருப்பதும் தவறு. நிலம் ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா என்று தாலுகா ஆபீஸின் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பஞ்சமி நிலம் என்பதை இங்கே தனியே சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு, முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, பின்னர் விற்றாலும் அந்த ஜனங்களுக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1892 முதல் அளிக்கப்பட்ட நிலங்கள் அவை. கைமாறிக் கைமாறி எத்தனை பத்திரங்கள் அவற்றின்மேல் ஏறியிருந்தாலும் அந்த நிபந்தனை அழிவதில்லை. விலை மலிவாயிருக்கிறதே என்று அத்தகைய நிலத்தை வாங்குகிறவர் ஏழையின் சொத்தையும் தம்முடைய சேமிப்பையும் ஏககாலத்தில் பாழாக்குகிறார்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையுத்தரவு பலருக்கும் ஞாபகமிருக்கும். வயலைக் கூறுபோட்டு வரிசையாகக் கல் நட்டுவிட்டால் அது மனைப்பிரிவாகிவிடாது. நகர ஊரமைப்புத் துறையோ, சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வோ அளித்த அங்கீகாரத்தின் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும்.

தரகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்கு மாடிக் கட்டடமும் ரேரா எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அவற்றை விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தைக் கமிஷனுக்காக விற்றுக்கொடுப்பது குற்றம். கட்டுகிறவர் பதிவான ஒப்பந்தம் எழுதிக்கொடுக்காமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்பதையும் வாங்குகிறவருக்குத் தாமே எடுத்துச் சொல்லும் தரகரை ஜனங்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

பணம் கொடுப்பதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவதற்கு வருமான வரிச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. முத்திரைக் கட்டணம் ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமுமாக ஒன்பது சதவீதம் தனியே ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால், சர்வேயரைக் கூட்டிக்கொண்டு இடத்துக்கே போய், புலப்படத்தோடு நான்கு எல்லைகளையும் அளந்து பார்த்து, வண்டி போகும் பாதை பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று கவனித்து, பக்கத்து நிலத்துக்காரரையும் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வருவது நல்லது. எந்தக் காகிதத்திலும் இல்லாத தகராறுகள் பல அந்த விசாரணையில்தான் வெளிப்படுகின்றன.