கண்ணுக்குள்ளே கண்ணாடி வைத்த டாக்டர்

“வயசாயிடுச்சு, கண்ணு மங்கத்தானே செய்யும்!” என்று சொல்லிவிட்டு லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிற பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் கண் புரை. கண்ணுக்குள் இருக்கும் தெளிவான வில்லை, வடித்த கஞ்சி போலக் கலங்கிவிடுகிறது. அதைத் தெளிய வைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அறுவை ஒன்றுதான் வழி.

அந்த அறுவையையே மாற்றி அமைத்தவர் ஹரோல்ட் ரிட்லி. 1906-ல் பிறந்த ஆங்கிலேயர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கண் டாக்டர். சயாம் மரண ரயில் நம் தோட்டக் குடும்பங்களுக்கு மறக்காது. சயாமிலிருந்து விடுதலையான போர்க் கைதிகளின் கண்களைச் சோதித்து, சத்தில்லாத சாப்பாட்டால் பார்வை எப்படிக் கெடுகிறது என்று 1945-ல் எழுதியவர் இவர்தான். நம் ஆட்களின் கண்ணை யார் சோதித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த யுத்தத்தில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்து, துண்டுகள் விமானிகளின் கண்ணில் ஏறியிருந்தன. கண் அதை ஒரு பகையாகவே நினைக்கவில்லை, சும்மா விட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் புரையை எடுத்த பிறகு சோடாப் புட்டிக் கண்ணாடிதான் கொடுப்பார்கள். எதிரே இருப்பதெல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. “எடுத்ததுக்குப் பதிலா ஒண்ணும் வைக்கலையா?” என்று ஒரு மாணவர் ரிட்லியைக் கேட்டாராம். நியாயமான கேள்வி! அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்யச் சொன்னார். 1949 நவம்பர் 29-ல் முதல் அறுவை. வில்லை நிலையாகக் கண்ணில் அமர்ந்தது 1950 பிப்ரவரியில்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. பவர் கணக்குத் தப்பி, முதலில் வைத்துக்கொண்டவர்களுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. சில வில்லைகளைத் திரும்ப எடுக்கவும் வேண்டியிருந்தது. கண்ணிலிருந்து எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே போடுவதா என்று பெரிய டாக்டர்கள் சீறினார்கள். 1971-ல் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. பின்னால் உலகமே அந்த முறைக்கு வந்தது. முதுமையில் அவர் கண்ணுக்கும் வில்லை வைத்தார்கள், அதே மருத்துவமனையில்! 2000-ல் ‘சர்’ பட்டம், 2001-ல் காலமானார்.

இப்போது கண்ணின் நீளத்தை முன்கூட்டியே அளந்து, அவரவருக்கு ஏற்ற பவரில் வில்லை வைக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டு, மரத்துப்போக மருந்து, பெரும்பாலும் அன்றே வீடு. “புரை நல்லா முத்தட்டும்” என்று காத்திருப்பது பழைய பழக்கம். முற்றினால் அறுவைதான் கடினமாகும். எதிரே வரும் மோட்டார் சைக்கிள் விளக்கு சிதறித் தெரிகிறதா? கண்ணாடி மாற்றியும் தெளிவில்லையா? கிளினிக்கில் சொல்லி, அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

ஒன்று கவனம். எல்லா மங்கலும் புரை அல்ல. கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புரையும் சீக்கிரம் வரும், கண்ணின் உள்திரையும் கெடும். அவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.