நேர்காணல் முறைகளின் வேறுபாடும் தேர்வின் நேர்மையும்: ஜவ்வாது மலைத் தேர்வரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே பணிக்குச் சிலரை நேரிலும் சிலரைக் காணொளி வழியாகவும் நேர்காணல் செய்யும் வழக்கம் பெருகியுள்ளது. இவ்வேறுபாடு எந்நிலையில் நேர்மையாகிறது, எந்நிலையில் பாகுபாடாகிறது என்பதை ஜவ்வாது மலைத் தேர்வரின் நிலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், காணொளி, மதிப்பீடு, பழங்குடியினர், சமவாய்ப்பு.

முன்னுரை

தகுதியுடையாரைத் தேர்ந்தெடுத்தலைத் திருக்குறள் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்னும் இரு அதிகாரங்களில் பேசுகிறது. ஆராய்ந்து தெளிதலே அவற்றின் மையக் கருத்து. இன்று அவ்வாராய்ச்சிக்குரிய கருவிகளுள் ஒன்று நேர்காணல். அக்கருவி ஆளுக்கு ஆள் மாறும்போது முடிவுகளை ஒப்பிடலாமா என்னும் வினா எழுகிறது.

மலைப்பகுதித் தேர்வர்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு மலையாளி எனப்படும் பழங்குடியினர் மிகுதியாக வாழ்கின்றனர். இம்மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, உரிமையியல் நீதிபதிக்கான எழுத்துத் தேர்வை 2023 நவம்பரில், மகப்பேறு முடிந்த சில நாட்களிலேயே சென்னைக்குச் சென்று எழுதினார். 2024இல், தம் 23ஆம் வயதில், தேர்ச்சி பெற்றார். அவரது வெற்றி பாராட்டுக்குரியது. எனினும் அப்பயணத்தின் கடுமை நீதிபதிப் பணிக்குரிய தகுதிகளுள் ஒன்றன்று. பணியோடு தொடர்பில்லாத இத்தகைய தடைகளைக் குறைக்கவே மாற்று வடிவங்கள் தேவைப்படுகின்றன.

ஆனால் மாற்று வடிவமும் புதிய தடையாகலாம். அலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து வரும் ஊரிலிருந்து காணொளியில் பேசுபவரின் தயக்கத்தைக் குழுவினர் அறியாமை எனக் கொள்ளக்கூடும். தொழில்நுட்பம் வழி நிகழும் நேர்காணல்களில் மதிப்பீடுகள் நேர்முக நேர்காணல்களைவிடத் தாழ்ந்திருப்பதை 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. ஆகவே, ஒருவரை நேரிலும் மற்றவரைக் காணொளியிலும் கண்டு இருவர் மதிப்பெண்களையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது ஐயத்திற்குரியது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1970-71ஆம் கல்வியாண்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த பெரியகருப்பன் வழக்கு இங்குக் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் இடங்கள் பல அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலகிற்கும் தனித் தேர்வுக்குழு அமைந்தது. ஓர் அலகில் தகுதி மிக்கவர் விடுபட, பிறிதோர் அலகில் அவரினும் குறைந்தவர் இடம்பெறும் நிலை ஏற்பட்டதால், அம்முறையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மொத்த 275 மதிப்பெண்களில் 75ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியதும், கூறுகள்தோறும் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் வழங்கியதும் குறைகளாகச் சுட்டப்பட்டன.

வேறுபாடு அனைத்தும் தவறு என்பது இதன் பொருளன்று. அரியானா அரசுப் பணித் தேர்வு குறித்த அசோக் குமார் யாதவ் வழக்கில் (1985), நேர்காணலின் பங்கு பொதுத் தேர்வர்க்கு 12.2 விழுக்காட்டையும் முன்னாள் படை அலுவலர்க்கு 25 விழுக்காட்டையும் விஞ்சலாகாது என நீதிமன்றம் வரையறுத்தது. பின்னவர் முதிர்ந்த ஆளுமையினர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். தேர்வர் பிரிவிற்கேற்ப அமையும் வேறுபாட்டிற்கு வெளிப்படையான காரணம் வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.

வடிவமும் அளவுகோலும்

வினாக்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்வது கட்டமைக்கப்பட்ட நேர்காணல். பணித்திறனை முன்னறிவதில் அதன் செல்லுபடித்தன்மை 0.42 என்றும், கட்டமைப்பற்ற நேர்காணலுக்கு அது 0.19 என்றும் சாக்கெட் குழுவினர் 2022இல் மதிப்பிட்டனர். எனவே நேரிலா, காணொளியிலா என்பதினும் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே முதன்மையானது. மாற்றுத்திறனாளித் தேர்வர்க்கு எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாக வழங்கப்படுகிறது; வினாத்தாளோ திருத்தும் முறையோ மாறுவதில்லை. நேர்காணலுக்கும் இந்நெறி பொருந்தும்.

ஜமுனாமரத்தூர் போன்ற மலைமையங்களில் இணைப்பு உறுதிசெய்யப்பட்ட அரசு அலுவலக அறையை வழங்குதல், அல்லது பயணச்செலவும் தங்குமிடமும் அளித்து அனைவரையும் நேரில் காணுதல், தமிழில் விடையளிக்க இசைதல் ஆகியன செய்யத்தக்கவை. இவற்றுள் எதனைக் கொண்டாலும் வினாக்கள், நேரம், குழு, மதிப்பெண் கூறுகள் ஆகியன ஒன்றாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

எல்லோர்க்கும் ஒரே வடிவம் என்பதனால் மட்டும் நேர்மை உறுதிப்படாது. பணிக்குத் தொடர்பற்ற தடையை நீக்குவதற்காக வடிவம் மாறலாம், அளவுகோல் மாறலாகாது. நிறுவனத்தின் வசதிக்காகச் சிலருக்கு மட்டும் வடிவம் மாறுமாயின், அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் தொலைவில் வாழும் தேர்வரே ஆவர்.