கண் முகாமுக்கு ஐநூறு ரூபாய்

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு சிறு கூட்டம் புறப்படும். வெள்ளைச் சட்டை, பையில் குத்திய சின்னப் பின், கையில் ரசீது புத்தகம். "அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல கண் முகாம் வச்சிருக்கோம்" என்று ஆரம்பிப்பார்கள். தெரிந்த முகங்கள் என்பதால் கல்லாவில் இருப்பவர் ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். அவர்கள் படியிறங்கிய பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், "இதுல எவ்வளவுய்யா முகாமுக்குப் போவும்?" என்பார்.

அந்த ரசீது புத்தகத்தோடு சில வருடம் அலைந்தவன் நான். பொருளாளர் என்று பெயர். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு. ஆனால் அதை என்னிடம் நேராகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சங்கங்கள் யார்? நம் பக்கத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் அரிமா சங்கம், இல்லையென்றால் ரோட்டரி. இரண்டுமே சிகாகோவில் பிறந்தவை. 1905-இல் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரியைத் தொடங்கினார். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர் அரிமாவுக்கு அடிபோட்டார். ரோட்டரிக்காரர்கள் ஊருக்காக முதன்முதலில் கையிலெடுத்த வேலை, சிகாகோ நகரில் ஒரு பொதுக் கழிவறை. எங்கள் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இந்தியாவுக்கு ரோட்டரி 1920-இல் கல்கத்தா வழியாகவும், அரிமா 1956-இல் பம்பாய் வழியாகவும் வந்தன. இருபது பேர் சேர்ந்தால் புதுச் சங்கம் தொடங்கலாம். அரிசி ஆலை, ஜவுளிக்கடை, பத்திர எழுத்தர், பல் டாக்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று எண்ணினால் எந்தத் தாலுகா ஊரிலும் இருபது தேறும். பெண்களை உறுப்பினராக்க அரிமா 1987 வரையும் ரோட்டரி 1989 வரையும் எடுத்துக்கொண்டன. எங்கள் ஊர் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் எடுத்துக்கொண்டது.

இப்போது உங்கள் ஐநூறுக்கு வருவோம். அரிமா சங்கத்துக்கு இரண்டு பைகள். ஒன்று நிர்வாகக் கணக்கு. உறுப்பினர் கட்டும் சந்தா இதில் விழும். கூட்டம் நடத்தும் மண்டபத்துக்கு வாடகை, அன்றைய இட்லி வடை, பதவியேற்பு விழாவின் சால்வைகள், டாலரில் கணக்கிட்டு மேலிடத்துக்குக் கட்டும் தொகை எல்லாம் இதிலிருந்துதான் போகவேண்டும். மற்றது சேவைக் கணக்கு. ஊராரிடம் வாங்கிய காசு முழுக்க இங்கேதான் விழவேண்டும். ஊருக்கே திரும்பவும் வேண்டும். அதைத் திரட்ட ஆன நேரடிச் செலவை மட்டும் கழித்துக்கொள்ளலாம், ஒரு டீகூட அதில் குடிக்கக்கூடாது. இது தர்மோபதேசம் இல்லை, சர்வதேச அரிமா சங்கம் எழுதிவைத்திருக்கும் விதி.

சங்கத்தில் 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவி உண்டு. வாலை முறுக்குபவர்! தாமதமாக வந்தவர், பின் குத்தாமல் வந்தவர், கூட்டத்தில் குறட்டை விட்டவர் என்று பார்த்துப் பார்த்து அபராதம் போடுவது அவர் வேலை. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் போட முடியாது. வாலை முறுக்குபவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருப்பவர்கள் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். வசூலை அங்கேயே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது. விளையாட்டுப்போலத்தான் இருக்கும். ஆனால் கையில் விழுந்த காசு உடனே தாளில் ஏறவேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வரும்.

விதி இருந்துவிட்டால் போதுமா? ஒரு வருடம் முகாமுக்குப் பிளெக்ஸ் அடித்தோம். மேலே 'இலவச கண் சிகிச்சை முகாம்', இடம், தேதி, நேரம். கீழே பாதிக்குப் பதினெட்டு பேரின் சிரித்த முகங்கள். பில் என் மேசைக்கு வந்தது. முகாம் விளம்பரம், அதனால் சேவைக் கணக்கு என்றார் தலைவர். முகங்கள் எந்த நோயாளிக்கு உதவும் என்று நான் கேட்டேன். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில், மேல்பாதியைச் சேவைக் கணக்கில் எழுதுவது, கீழ்ப்பாதிக்கு முகம் ஒன்றுக்கு இருநூறு ரூபாய் அவரவரே தருவது என்று முடிந்தது. அடுத்த வருடப் பிளெக்ஸில் நான்கு முகங்கள்தான் இருந்தன. கண் முகாம் பற்றிய எழுத்து தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

முகாம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் காசின் அளவு புரியும். ஒரு காலத்தில் பள்ளி வகுப்பறையைக் கழுவிவிட்டு அங்கேயே கண்புரை அறுவை சிகிச்சை செய்தார்கள். கிருமித் தொற்றுக்குப் பயந்து அது போய்விட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும். அறுவை சிகிச்சைக்குத் தேறியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது. வசதியுள்ளவர் கட்டும் கட்டணத்தில் வசதியில்லாதவருக்கும் சிகிச்சை நடக்கும். டாக்டர், கருவி, லென்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஊரில் முகாமை நடத்தும் சங்கத்தின் பொறுப்பு இடம், விளம்பரம், ஆள்.

அதாவது, உங்கள் ஐநூறு ரூபாயில் யாருக்கும் கண் ஆபரேஷன் நடப்பதில்லை. மைக் கட்டிய ஆட்டோ நாலு கிராமம் சுற்றுவதற்கு, நோட்டீசுக்கு, சாமியானாவுக்கு, காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும் பெரியவர்களின் உப்புமாவுக்கு அது போகிறது. சங்கங்கள் இதை வெளியே சொல்லத் தயங்கும், காசு குறையும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொன்னால்தான் இன்னொன்றும் கேட்கத் தோன்றும்: ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வரமுடியுமா?

ஏனென்றால் முகாம் தடுக்கி விழுவது காசில் இல்லை, ஆளில். பதிவு மேசையில் பேரும் ஊரும் எழுத ஒருவர். எழுத்துப் பலகைமுன் நிற்கவைத்து ஒரு கண்ணை மூடச் சொல்ல ஆஸ்பத்திரி ஆள் இருப்பார். ஆனால் அங்கிருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் அழுத்தம் என்று ஒவ்வொரு வகுப்பறையாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது தொண்டர்தான். எல்லாம் முடிந்து பஸ் புறப்படும் நேரத்தில்தான் உண்மையான வேலை. ஒரு வருடம் ஓர் ஆச்சி படியில் கால் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"எய்யா, வீட்டுல ரெண்டு ஆடு கெடக்கு. ஆரு பத்துவா?"

"மூணு நாள்தான் ஆச்சி. பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போங்க."

"அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லல்லா."

எங்கள் சங்கத்தில் உரக்கடை வைத்திருந்தவர் ஒருவர், மேடையில் ஒருநாளும் பேசாதவர், பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், பேச்சுவார்த்தை இல்லாத அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையே செல்போனில் ஆச்சியிடம் பேசவைத்தார். "ஆட்ட நான் பாத்துக்கிடுதேன், நீ போய்ட்டு வா" என்றது குரல். ஆச்சி ஏறிவிட்டார். இந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் எழுத இடமில்லை. பெட்ரோல் போட்ட காசையும் அவர் கேட்கவில்லை.

இனி, கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். நன்கொடை ரசீது வாங்கிவிட்டால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். வாங்குகிற அமைப்புக்கு 80ஜி பதிவு இருந்தால்தான் அது நடக்கும். சில சங்கங்கள் இதற்கென்றே தனி அறக்கட்டளை வைத்திருக்கும், ரசீது அதன் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. புதிய வரிமுறைக்கு மாறியவருக்கும் கிடையாது.

சிங்கப்பூர் மருமகன் பணம் அனுப்புகிறேன் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர் இன்னும் இந்தியக் குடிமகன், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் பிரச்சினை இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு மத்திய உள்துறையின் பதிவு வேண்டும். ஊர்ச் சங்கங்கள் பலவற்றிடம் அது இருக்காது. 'லக்கி டிப்' டிக்கெட் விற்றுக் காசு சேர்க்கலாமே என்று வருடா வருடம் யாராவது ஒருவர் யோசனை சொல்வார். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979-லேயே ஒரு சட்டம் வந்தது. அம்பாசிடர் கார் பரிசு என்று டிக்கெட் அடித்த காலமெல்லாம் போய்விட்டது. விழா மலருக்கு விளம்பரம் வாங்குவதே நிம்மதி.

கியூஆர் அட்டையை நீட்டினால், ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சங்கத்தின் பெயர் வரவேண்டும். தலைவரின் பெயர் வந்தால் சிரித்துக்கொண்டே காசோலை தருகிறேன் என்று சொல்லுங்கள். ரசீதில் அச்சிட்ட எண் இருக்கிறதா, அடிக்கட்டையிலும் அதே தொகையை எழுதினார்களா என்று கண்ணெதிரே பாருங்கள். அடிக்கட்டை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரிந்தது நான் பதவி விட்ட ஜூன் 30 அன்று.

புதுப் பொருளாளரிடம் ஒப்படைக்க ரசீது புத்தகங்களை எண்ணினேன். 351 முதல் 400 வரையுள்ள புத்தகத்தைக் காணோம். வாங்கிப்போனவர் எப்போதோ திருப்பித் தந்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் அவருடைய லாரி ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடைத்தது. நான்கு ரசீது கிழித்திருந்தது. மூன்று அடிக்கட்டைகளில் பெயரும் தொகையும் இருந்தன, 353 மட்டும் வெறுமை. மனிதர் திருடர் இல்லை, மறதிக்காரர். யாரிடம் வாங்கினோம் என்றே நினைவில்லை என்றார்.

நானும் புதியவரும் கடைத்தெருவில் இறங்கிக் கடை கடையாகக் கேட்டோம். ஏழாவது கடையில் அண்ணாச்சி கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, எண் 353-ஐ உருவி எடுத்தார். ஐநூறு ரூபாய், கண் முகாம், தேதி போன ஆகஸ்ட். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. இதுல எவ்வளவு முகாமுக்குப் போச்சு?"

"இது இன்னும் பேங்குக்கே போகலண்ணாச்சி" என்றேன்.