பூட்டிய வீட்டுக்குத் துணை: கம்பியில்லாத் திருட்டு எச்சரிக்கை அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை விடுமுறையும் திருமணக் காலமும் வந்துவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்வது தவிர்க்க இயலாததாகிறது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களில் வீடு பகல் முழுவதும் பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகள் தொலைதூர நகரங்களில் வசிக்க, முதிய பெற்றோர் தனித்து வாழும் இல்லங்களும் பெருகியுள்ளன. இவர்களுக்குக் கம்பியில்லாத் திருட்டு எச்சரிக்கை அமைப்பு நல்ல துணையாகக்கூடும். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டிலும் பொருத்தலாம்; வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.

ஆயினும் விலையையும் சைரனின் ஓசையையும் மட்டும் பார்த்து வாங்கப்படும் கருவி நெடுநாள் பயன்படுவது அரிது. நள்ளிரவில் காரணமின்றி நான்கைந்து முறை ஒலித்துவிட்டால், வீட்டாரே அதை அணைத்து வைத்துவிடுவர். அணைத்து வைத்த கருவியால் எப்பயனும் இல்லை. எனவே, வீணாக ஒலிக்காத கருவியா, உண்மையாக ஒலிக்கும்போது உதவிக்கு ஆள் வருமா என்னும் இரண்டையும் முதலில் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஒலித்தால் வருபவர் யார்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் சைரன் ஒலி காவலாளியையும் அண்டை வீட்டாரையும் உடனே எட்டும். ஊர்ப்புறத்தில் தனித்து நிற்கும் வீட்டில் அவ்வொலியைக் கேட்க ஆளில்லாமல் போகலாம். அங்கே உரிமையாளரின் கைப்பேசியை அழைக்கும் வசதி இன்றியமையாதது. நீங்கள் புனேயிலும் வீடு வேறோர் ஊரிலும் இருந்தால், உங்களுக்கு மட்டும் அழைப்பு வந்து பயனில்லை. அருகில் வசிக்கும் உறவினர், நண்பர் என இருவர் அல்லது மூவரின் எண்களையும் பதிவு செய்யும் வசதி இருக்கவேண்டும். அவர்களின் இசைவை முன்னரே பெறுங்கள். திருடர் உள்ளே இருக்கக்கூடும் என்பதால் தனியாக உள்ளே நுழையவேண்டாம் என்றும், 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்குமாறும் கூறிவையுங்கள். முதியோர் தனித்து வாழும் இல்லத்தில், கட்டிலருகே வைத்துக்கொள்ளும் அவசரப் பொத்தானும் இணைந்த அமைப்பே சிறந்தது.

கதவும் அறையும்

கதவுக்கான உணரி இரு பகுதிகளைக் கொண்டது. நிலையில் சிறு கருவியும் கதவில் காந்தமும் பொருத்தப்படும். இரண்டும் விலகியவுடன் கருவி செய்தி அனுப்பும். இது வீணாக ஒலிப்பது குறைவு. ஆகவே முதலில் இதனையே எல்லா வாயில்களுக்கும் வாங்குவது நன்று. இரும்புக் கதவு காந்தப் புலத்தைப் பாதிக்கும் என்பதால் அதற்கெனத் தயாரித்த வலுவான வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

அறைக்குள் நடமாட்டத்தை அறியும் உணரி, மனித உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரின் மாற்றத்தைக் கண்டறிகிறது. நமது நாட்டுக் கோடையில் இதற்கு ஒரு வரம்பு உண்டு. அறை வெப்பம் உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, உடலையும் சூழலையும் வேறுபடுத்தி அறியும் திறன் குறையும். நாக்பூர் போன்ற வெப்பமிக்க நகரங்களில் வசிப்போர், வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இவ்வுணரியை வெயில் விழும் சன்னலுக்கு எதிரே பொருத்தலாகாது. அதன்மீது ஊரும் பல்லியும் பூச்சியும்கூட வீண் ஒலிக்குக் காரணமாகலாம். வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில், அதன் எடைக்கு ஏற்ற வகை கிடைக்கிறதா எனக் கேளுங்கள்.

செய்தி செல்லும் வழி

உணரியிலிருந்து மையக் கருவிக்கு வானொலி அலை மூலம் செய்தி செல்கிறது. விளம்பரங்களில் குறிப்பிடப்படும் தொலைவு பெரும்பாலும் திறந்தவெளிக்குரியது. கான்கிரீட் சுவர்கள் அதை வெகுவாகக் குறைக்கும். மாடி வீடாயின் தொலைவிலுள்ள அறையில் சோதித்த பின்னரே உறுதிசெய்யுங்கள்.

மையக் கருவியிலிருந்து உங்கள் கைப்பேசிக்குச் செய்தி செல்ல வைஃபை, சிம் அட்டை என இரு வழிகள் உள்ளன. மின்சாரம் நின்றால் வைஃபை ரூட்டரும் நின்றுவிடும். ஆகவே இரண்டு வழியும் உடையதும், உள்ளேயே மின்கலம் கொண்டதுமான கருவியே நம்பத்தக்கது. 2ஜி மட்டும் அறிந்த பழைய வகைக் கருவியில், 4ஜி சேவை மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் இயங்காது. அந்தச் சிம்முக்கு உரிய காலத்தில் கட்டணம் செலுத்தி, அதனை உயிர்ப்புடன் வைத்திருப்பதும் உங்கள் பொறுப்பு.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

உணரியின் மின்கலம் தளர்ந்தால் மையக் கருவி அறிவிக்குமா? உணரிகள் இயங்குகின்றனவா என அது அவ்வப்போது தானே சோதிக்குமா? மலிவான கருவிகள் பலவற்றில் உணரி செய்தி அனுப்புவதோடு சரி. அது செயலிழந்தாலும் மையக் கருவிக்குத் தெரியாது. வானொலி அலையை எவரேனும் தடுத்தால் எச்சரிக்குமா? தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் பெற்ற கருவியா? பழுது நீக்கும் சேவை உங்கள் ஊரில் உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம்.

காப்பீடும் பெட்டகமும்

எச்சரிக்கை அமைப்பு இழப்பை ஈடுசெய்யாது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு, தீ, வெள்ளம் போன்ற இடர்களை மையமாகக் கொண்டது. அத்தகைய இடரைத் தொடர்ந்து ஏழு நாள்களுக்குள் அதன் விளைவாக நிகழும் திருட்டுக்கே அதில் இடமுண்டு. பூட்டை உடைத்து நிகழும் வழக்கமான திருட்டுக்குத் தனிக் காப்பீடு தேவை. வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று அமைதியாக இருப்போர், தமது பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பது நன்று.

அன்றாடம் அணியாத நகைகளையும் ஆவணங்களையும் வங்கிப் பெட்டகத்தில் வைப்பதே முறை. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள்கள் இழக்கப்பட்டால், ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்காகும். இந்நெறிமுறை 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பொருளின் மதிப்பு அத்தொகையை மிஞ்சுமாயின், அதற்கும் தனிக் காப்பீடு எடுப்பதைக் கருதலாம்.

கருவியைப் பொருத்திய பின், மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து சோதியுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் அதனைக் கட்டாயம் செய்யுங்கள். வெளியூர் செல்லும் செய்தியைச் சமூக ஊடகங்களில் பரப்பாமல், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாருக்கும் மட்டும் தெரிவித்துச் செல்லுங்கள்.