குடலில் வியாதி, கண்ணில் சிவப்பு

கண் சிவந்தால் நம் வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. ‘மெட்ராஸ் ஐ’ என்று ஒருவர் தீர்ப்பளிப்பார். மற்றொருவர் கடைக்கு ஓடிச் சொட்டு மருந்து வாங்கி வருவார். கண் சிவந்தவரின் வயிறு எப்படியிருக்கிறது என்று விசாரிப்பார் எவருமிலர். விசாரித்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்!

1925-ம் வருஷத்தில், நியூயார்க் வைத்தியர் பரில் கிரோன், பெருங்குடலில் புண் கண்ட நோயாளிகள் இருவருக்குக் கண்ணும் கெட்டிருந்ததை எழுதி வெளியிட்டார். 1932-ல் கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்னும் இருவருடன் சேர்ந்து, சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் வேறொரு வியாதியை வர்ணித்தார். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இவ்விரு வியாதிகளிலும் தேகத்தின் காவற்படையே தன் சொந்தக் குடலின்மீது பாய்கிறது. பாய்ச்சல் அங்கேயே நிற்பதில்லை. மூட்டு, தோல், கண் இவற்றையும் தொடுகிறது.

வெண்விழியின் மேற்பரப்பு மட்டும் சிவந்து சிறிது உறுத்தினால் பெரும்பாலும் பயமில்லை. குடல் தணிந்தால் கண்ணும் தணியும். வெண்விழியின் ஆழத்தில் அழற்சி புகுந்தாலோ, நெற்றிவரை பரவும் வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், பார்வைக்கும் அபாயம்.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது, கருவிழிக்குப் பின்னுள்ள நடுப்படலத்தில் உண்டாகும் அழற்சி. வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். வயிறு அமைதியாக இருக்கும்போதும் இது வரும். சிலருக்கு வயிற்று நோய் வெளிப்படு முன்பே வந்துவிடும். சிலருக்குக் கண் சிவப்பதுகூட இல்லை.

குடலைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் நெடுநாள் உட்கொண்டால் கண்புரையை உண்டாக்கும். கண்ணின் உள்ளழுத்தத்தை ஓசையின்றி உயர்த்தும்.

இந்தக் குடல் வியாதிகள் பெரும்பாலும் தொடங்குவது பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பிராயத்தில். அந்தப் பிராயத்துப் பெண், மலத்தில் இரத்தம் போவதைத் தாயிடமே சொல்லக் கூசுகிறாள்; கண் டாக்டரிடமா சொல்வாள்? அவர் கேட்காவிட்டாலும் வீட்டார் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் பார்ப்பார். கண்ணின் முன்னறை நீரில் மிதக்கும் வெள்ளணுக்கள், ஜன்னல் வழி விழும் வெயிலில் பறக்கும் தூசியைப் போல் அவருக்குத் தென்படும். பிறகு பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும், தம் மேற்பார்வையில் ஸ்டீராய்டுச் சொட்டும் கொடுப்பார். குடல் வைத்தியருக்கும் ஒரு கடிதம் எழுதுவார்.