லாரியில் பாட்டுப்பெட்டி மாற்றுவோர் கவனத்திற்கு

முதலமடையில் ஜனவரி பிறந்தால் மாங்காய் லாரிகள் புறப்படத் தொடங்கிவிடும். நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்பே நெல்லியாம்பதி அடிவாரத்துத் தோப்புகளில் காய் இறங்குவதால் டில்லி வரை சரக்கு போகிறது. நம் சங்கக் குடும்பங்களில் லாரி வைத்திருப்போரும் ஓட்டுவோரும் உண்டு. நான் ரயில்வேயில் மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "கம்பெனி ரேடியோவை எடுத்துவிட்டு ப்ளூடூத் செட் வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் வழக்கமாக நடக்கும் ஒரு காரியத்தை மட்டும் செய்யக்கூடாது. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

காரில் இருப்பது 12 வோல்ட். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் போன்ற சிறு வண்டிகளிலும் அப்படியே. பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்ற அதிக சக்தி வேண்டும் என்பதால், பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கம்பெனி ரேடியோ அதற்கென்றே செய்தது. கடையில் வாங்கும் கார் செட்டோ 12 வோல்ட்டுக்கானது.

குழப்பம் ஓட்டையின் அளவிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மானியர் வகுத்த 'டின்' அளவு (அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ.) காருக்கும் லாரிக்கும் பொது. புது செட் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அப்படியே இணைத்தாலோ, எஞ்சின் ஓடும்போது வரும் 28 வோல்ட் அதைக் கருக்கிவிடும்.

இது தெரிந்த சில எலக்ட்ரீஷியன்கள் குறுக்குவழியாக, இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். நான் வேண்டாம் என்பது இதைத்தான். பாட்டு நன்றாகவே கேட்கும். அன்றைக்கு ஒரு கோளாறும் தெரியாது. ஆனால் செட் 4 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் அந்த ஒரு பாட்டரி மட்டும் 40 ஆம்பியர்-மணி இழக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தையே அனுப்பும். 28 வோல்ட் ஆளுக்குப் பதினான்காகப் பிரியாமல், இளைத்ததற்கு 13, நிறைந்ததற்கு 15 என்றாகும். நிறைந்தது அளவுமீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். இளைத்ததோ முழு சார்ஜ் ஏறாமலே கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து போகும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். அதற்குள் காய் ஏற்றிய வண்டி ஏதோ ஒரு தாபா வாசலில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். மெக்கானிக் வரும்வரை மாங்காய் காத்திருக்குமா? தார்ப்பாய்க்குள் வெந்துபோகும்.

ரயில் பெட்டிகளிலும் ஒரு காலத்தில் 24 வோல்ட்டில்தான் விளக்கு எரிந்தது. பாட்டரிகளில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து பதிவேட்டில் எழுதுவோம். லாரியில் யார் அளக்கிறார்கள்?

சரியான வழி, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர். அது இரண்டு பாட்டரிகளிலிருந்தும் சமமாக எடுக்கும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஆம்பியரை நம்பாமல், தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். செட்டின் பின்புறம் உள்ள ஃப்யூஸ் அளவுக்குக் குறையக்கூடாது. சாவி போட்டால் மட்டும் கன்வெர்ட்டருக்கு மின்சாரம் வரும்படி செய்வது நல்லது. சாவியை எடுத்தால் செட்டின் கடிகாரம் மறந்துபோகும். அது பெரிய நஷ்டமல்ல.

செட்டின் ஒயர்களில் மஞ்சள் நிரந்தர மின்சாரத்துக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. சாவிவழி கன்வெர்ட்டரானால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து அதன் 12 வோல்ட்டில் கொடுத்துவிடலாம். லாரிப் பக்கத்து ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்த்தே இணைக்கவும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதுவும் வண்டியின் பாடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபையர் போகும். பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தால், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். ஆட்டத்தில் ஒயர் உராய்ந்து தீப்பிடிப்பது அங்கேதான். கேபினில் ஆள் படுத்துறங்கும் வண்டி என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே செட் மாற்றியிருப்பவர்கள், எஞ்சின் ஓடும்போது இரண்டு பாட்டரிகளையும் தனித்தனியே மீட்டரில் பாருங்கள். ஒன்றுக்கொன்று அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரேடியோ ஒயர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே தேடிப் பார்க்கவும்.