மேலாளரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்: உடம்புக்கும் நல்லது

நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, ஏறி நிற்கும் பிரஷர் என்று வருகிறவர்களிடம் சாப்பாட்டையும் நடையையும் விசாரித்தபின், வேலை எப்படிப் போகிறது என்றும் கேட்பேன். "மேனேஜருக்கு என்னைப் பிடிக்கவில்லை, டாக்டர்" என்ற பதில் பல தடவை வந்திருக்கிறது. ஏன் என்று அவரிடமே கேட்டீர்களா என்றால், "அதெப்படிக் கேட்பது?" என்பார்கள்.

இதுவும் மருத்துவ விஷயம்தான். லண்டனில் 1985-இல் தொடங்கிய ஒய்ட்ஹால் இரண்டாவது ஆய்வில், பேராசிரியர் மைக்கேல் மார்மட் குழுவினர் 10,308 அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். தம் வேலையில் தம் சொல்லுக்கு இடமில்லாதவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. தெற்காசியர்களான நமக்கோ அந்த நோய் இளம் வயதிலேயே வருகிறது.

பெரும்பாலும் சிக்கல் சின்னதாகத்தான் தொடங்குகிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மரியாதைக்காக நாம் காக்கும் மௌனத்தை, இங்குள்ள மேலாளர் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார். "முயற்சி செய்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வருவோம். நம் மனதில் அதன் பொருள் "கஷ்டம்தான்". அவர் காதிலோ "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும்" என்று விழும். இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்வோம். அங்கே அது உயிரைக் காத்தது. அலுவலகத்தில் அதே பழக்கம் எதையோ ஒளிப்பவர் போல நம்மைக் காட்டும்.

பூசி மெழுகிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு துயரமே சாட்சி. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு வந்த அவியான்கா 52 விமானம், எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது, முன்னுரிமை வேண்டும் என்றெல்லாம் விமானிகள் சொன்னார்கள். "எமர்ஜென்சி" என்ற சொல்லை மட்டும் கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்லவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு ஆபத்தின் அளவு விளங்கவில்லை.

அலுவலகத்தில் நாம் அதிகம் மறைப்பது நோயைத்தான். சர்க்கரை, முதுகுவலி, மனச்சோர்வு, வீட்டில் அம்மாவுக்குச் சிகிச்சை என்று எதையும் சொல்லமாட்டோம். தாமதமாக வருவதையும் வேலை தேங்குவதையும் பார்க்கும் மேலாளர், பொறுப்பில்லாதவர் என்று முடிவு கட்டுவார். எச்-1பி விசாவில் வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். எனவே பயம் நியாயமானதே. ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள்:

1. 50 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு இருந்து, கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கு, 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு. தமது கடும் நோய்க்கும், பெற்றோர், துணைவர், பிள்ளையைக் கவனிக்கவும் எடுக்கலாம். மாமனார், மாமியார் இதில் வரமாட்டார்கள். நியூ ஜெர்சியின் குடும்ப விடுப்புச் சட்டத்தில் வருவார்கள்.

2. அந்த விடுப்புக்காக உங்கள் நேரடி மேலாளர் உங்கள் டாக்டரைத் தொடர்புகொள்ளக் கூடாது.

3. நியூ ஜெர்சியில் 2018 அக்டோபர் முதல், 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு சேரும்.

எப்படிப் பேசுவது? கோபம் இருந்தால் ஓர் இரவு தூங்கி எழுந்து, 15 நிமிடம் தனியாகக் கேளுங்கள். முதலில் நடந்ததைச் சொல்லுங்கள், குறை பிறகு. "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "சிகிச்சையில் இருக்கிறேன், செவ்வாய்க்கிழமைகளில் 10 மணிக்கு வருவேன், அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்கிறேன்" என்றால் போதும். பேசியதை அன்றே மூன்று வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

பேசிப் பார்த்தபின்னும் இனம், மதம், நிறம் சொல்லி அவமதிப்பு தொடர்ந்தால், அதைப் புரியாமை என்று பொறுத்துப் போகாதீர்கள். தேதி போட்டுக் குறித்து வையுங்கள். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் நியூ ஜெர்சிக்காரர்கள் 300 நாளுக்குள் முறையிட வேண்டும்.

நெஞ்சை அழுத்தும் வலி என்றால் உடனே 911. இரண்டு வாரமாகத் தூக்கமோ உற்சாகமோ இல்லையென்றால் உங்கள் டாக்டரிடம் போங்கள். வேலையில் நடப்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.